மனுவை வாங்கியிருக்கலாம்

இங்கிலாந்து உள்நாட்டுப் போர் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது குரோம்வெல்லும், தலை வெட்டப்பட்ட முதலாம் சார்லஸும்தான். 1648 ஜூன் 1 அன்று கென்ட் மாவட்டத்து மெய்ட்ஸ்டோன் தெருக்களில் நடந்த சண்டையை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

ஆரம்பம் கிறிஸ்துமஸ்! 1647-ல் நாடாளுமன்றம் அந்தப் பண்டிகையையே ரத்து செய்துவிட்டது. டிசம்பர் 25 அன்று கேன்டர்பரியில் கடைகளைத் திறக்கச் சொன்னார் மேயர். ஜனங்கள் கொதித்தெழுந்து கடைகளை நொறுக்கினார்கள், தெருவில் கால்பந்து ஆடினார்கள் (எதிர்ப்பைக் காட்ட இதைவிட நல்ல வழி இருக்கிறதா என்ன?). அடுத்த மே மாதம் வழக்கு வந்தபோது, குற்றம் சாட்டவே ஜூரிகள் மறுத்துவிட்டார்கள். அதோடு ஒரு மனுவும் எழுதினார்கள்: மன்னரோடு பேசுங்கள், ராணுவத்தைக் கலையுங்கள் என்று.

அந்த மனுவை ஒடுக்கத்தான் உத்தரவு வந்தது. யாரிடமிருந்து? 1640-ல் சுமார் 15,000 லண்டன்வாசிகள் கையெழுத்திட்ட மனுவை வாங்கிக்கொண்ட அதே நாடாளுமன்றத்திடமிருந்து! தனக்குச் சாதகமான மனு என்றால் மக்கள் குரல், பாதகமானால் கலகம். என்ன நியாயம் சார் இது? மனு எழுதிய கை அதன் பிறகே ஆயுதம் எடுத்தது.

கீல்வாதத்தால் அவதிப்பட்டுக்கொண்டே ஃபேர்ஃபாக்ஸ் படை நடத்தி வந்தார். ஈஸ்ட் ஃபார்லி பாலத்தில் மெட்வே ஆற்றைக் கடந்து, எதிர்பாராத திசையிலிருந்து ஊருக்குள் நுழைந்தார். மாலையில் துவங்கிய சண்டை கொட்டும் மழையில் நள்ளிரவு வரை நீடித்தது. தடுப்பு தடுப்பாக, தெருத்தெருவாக. உள்ளே இருந்தவர்கள் சுமார் 2,000 பேர். பின்வாங்கிப் பின்வாங்கி, கடைசியில் செயின்ட் ஃபெய்த் தேவாலயத்து முற்றத்தில் நின்றார்கள். ஏறக்குறைய 300 பேர் செத்தார்கள், 1,300 பேர் பிடிபட்டார்கள்.

அப்போது கலகத் தலைவர் நார்விச் பிரபு எங்கே? பக்கத்து பெனன்டன் ஹீத் மைதானத்தில், பெரும்படையோடு! உதவிக்கு வரவில்லை. நாடாளுமன்றத்தின் மேல் எனக்குள்ள கோபம் இவர்மேலும் உண்டு. பிறகு லண்டனுக்கு ஓடினார், கதவு திறக்கவில்லை. பாதிப்பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கடற்கரைக் கோட்டைகள் சில ஆகஸ்ட் வரை தாக்குப்பிடித்தன என்றாலும், கென்ட் எழுச்சி அந்த ஒரே ராத்திரியில் முடிந்துவிட்டது.

மிச்சமிருந்தவர்களோடு நார்விச் தேம்ஸைத் தாண்டி எசெக்ஸ் போனார். அங்கே கோல்செஸ்டர் நகரம் பதினோரு வாரம் முற்றுகையில் பட்டினி கிடந்தது.