கைபேசிப் பாடம் யார் வீட்டை நினைத்துத் தயாராகிறது?

பள்ளிக்கூடங்கள் திறந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. ஆயினும் கொரோனா காலத்தில் வீட்டுக்குள் நுழைந்த கைபேசி வகுப்பு திரும்பிப் போகவில்லை. மும்பையில் பெருமழை கொட்டி விடுமுறை விட்டால், "இன்று பாடம் ஆன்லைனில்" என்று செய்தி அனுப்பும் பள்ளிகள் இருக்கின்றன. டெல்லியில் 2024 நவம்பரில் காற்று மாசு எல்லை மீறியபோது வகுப்புகளைக் கைபேசிக்கு மாற்றினார்கள். மழையும் புகையும் இல்லாத நாட்களிலும் வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது. ஆகவே இணையவழிக் கல்வி நல்லதா கெட்டதா என்று இனியும் பட்டிமன்றம் நடத்துவதில் பயனில்லை. அது எந்த முறையில் அமைய வேண்டும் என்பதைப் பற்றி, பிள்ளைகளைப் பெற்ற நாம் வாய் திறந்து பேசியாக வேண்டும்.

கைபேசிப் பாடங்களைத் தயாரிப்பவர்கள் மனதில் ஒரு வீடு இருக்கிறது. அங்கே பிள்ளைக்குத் தனி அறை உண்டு, மேசை உண்டு, அவனுக்கென்று ஒரு கருவி உண்டு, சந்தேகம் கேட்டால் சொல்லித்தரப் படித்த தாயோ தகப்பனோ உண்டு. அப்படிப்பட்ட வீடு தாராவியிலும் மாட்டுங்கா லேபர் கேம்பிலும் ஆண்டாப்ஹில்லிலும் எத்தனை இருக்கும்? நம்மவர் பலருக்கு வீடு என்பது ஒரே அறை. அதிலேயே அடுப்பு, அதிலேயே படுக்கை, அதிலேயே தொலைக்காட்சிப் பெட்டி. வீட்டிலுள்ள ஒரே நல்ல கைபேசி காலை ஏழு மணி லோக்கலில் அப்பாவின் சட்டைப்பையில் ஏறிப் போகிறது. இரவு ஒன்பது மணிக்குத்தான் திரும்பி வருகிறது, அதுவும் சார்ஜ் தீர்ந்து. பகல் பதினொரு மணிக்கு நேரலை வகுப்பு என்றால் அந்தப் பிள்ளைக்கு அது நடக்காத வகுப்பு.

இது தாராவியின் குறை மட்டுமன்று. கிராமப்புறப் பிள்ளைகளின் படிப்பை ஆராயும் 'அசர்' குழுவின் 2021-ம் ஆண்டு அறிக்கை, படிக்கும் பிள்ளைகளில் 67.6 சதவிகிதத்தினர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது என்கிறது. 2018-ல் அது 36.5 சதவிகிதம்தான். ஏறத்தாழ இரட்டிப்பு. ஆனால் அதே அறிக்கையின் இன்னொரு வரியை யாரும் அதிகம் பேசவில்லை. போன் இருந்த வீடுகளிலும் 26.1 சதவிகிதப் பிள்ளைகள் கைக்கு அது வரவே இல்லை. வீட்டில் போன் இருப்பது ஒன்று, பிள்ளையிடம் இருப்பது வேறு. திட்டம் தீட்டுபவர்கள் முதல் எண்ணைப் பார்த்தே திருப்தி அடைந்துவிடுகிறார்கள்.

நம் நாட்டில் இதைவிடப் புத்திசாலித்தனமாகச் சிந்தித்த காலம் ஒன்று உண்டு. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்காவின் செயற்கைக்கோள் ஒன்றை ஓராண்டுக்குப் பயன்படுத்தி, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சிப் பாடம் கொண்டு சென்றார்கள். 'சைட்' என்று அதற்குப் பெயர். ஊருக்கு ஒரு பொதுப் பெட்டி. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலையில் ஊராருக்கு. பள்ளி நிகழ்ச்சி ஒரு மொழிக்குச் சுமார் 22 நிமிடம்தான். இந்தி, ஒரியா, தெலுங்கு, கன்னடம் என்று அந்தந்த ஊர் மொழியிலேயே அது வந்தது. பெட்டி வாங்க வசதியில்லாத வீடு, அதிக நேரம் உட்கார முடியாத பிள்ளை, வேறு மொழி புரியாத ஊர் ஆகிய மூன்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டே அந்த ஏற்பாடு செய்யப்பட்டது. கருவிகள் எத்தனையோ மடங்கு முன்னேறிய 2020-ல் இந்த மூன்றுமே பல இடங்களில் மறந்து போயின.

மறக்காத இடமும் இருந்தது. கேரளத்தில் 2020 ஜூன் 1-ம் தேதி 'ஃபர்ஸ்ட் பெல்' என்ற பெயரில் தொலைக்காட்சி வகுப்பு தொடங்கியது. வீட்டில் பெட்டி இல்லாத பிள்ளைகளுக்காக நூலகங்களிலும் மற்றப் பொது இடங்களிலும் பார்க்க ஏற்பாடு செய்தார்கள். தமிழ்நாட்டில் 2019 ஆகஸ்டிலேயே தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி அந்த நாட்களில் கைகொடுத்தது. மகாராஷ்டிரத்தில் தூர்தர்ஷன் சஹ்யாத்ரியில் மராத்தியில் பாடம் வந்தது. நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் நம் பிள்ளைகள். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, தமிழும் அதில் ஒன்று. இது சாதாரண விஷயமல்ல. இந்த மாநகராட்சியைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் தமிழில் கிடைத்த பாடம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் இருந்தது. இங்கேயுள்ள பாடத்திட்டம் மகாராஷ்டிரத்தினுடையது. இரண்டுக்கும் பொருந்தாது என்று சொல்லி இரண்டையும் விட்டுவிட்ட பெற்றோர் உண்டு. வரலாற்றுக்கும் புவியியலுக்கும் அது சரி. பின்னக் கணக்கும் ஒளிச்சேர்க்கையும் மாநில எல்லையில் மாறிவிடுமா என்ன? மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்கள் ஒன்றாக உட்கார்ந்து, தமிழ்நாட்டுப் பாடங்களில் எது இங்கே எந்த வகுப்புக்குப் பொருந்தும் என்று ஒரு பட்டியல் போட்டால் பாதி வேலை முடிந்தது. தமிழ்நாடு 2018-ல் கொண்டுவந்த புதிய பாடநூல்களிலேயே கைபேசியால் படம்பிடித்துப் பாடத்தைத் திறக்கும் கட்டங்கள் அச்சாகி இருக்கின்றன.

இனி பாடத்தின் அமைப்புக்கு வருவோம். கரும்பலகை முன்னால் ஆசிரியரை நிறுத்தி நாற்பது நிமிடம் படம்பிடித்து அனுப்புவதைத்தான் பலர் ஆன்லைன் பாடம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது பாடமல்ல, பாடத்தின் புகைப்படம். வகுப்பில் நல்ல ஆசிரியர் பேசிக்கொண்டே இருப்பதில்லை. பேச்சை நிறுத்துகிறார், கேள்வி போடுகிறார், விழிக்கும் பிள்ளையின் நோட்டை எட்டிப் பார்க்கிறார். படம்பிடிக்கும்போது இவை மூன்றும் கழன்று விடுகின்றன. இணையப் பாடங்களை லட்சக்கணக்கானோர் பார்த்த விதத்தை அலசி 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், பெரியவர்களே ஆறு நிமிடத்துக்கு மேல் ஊன்றிப் பார்ப்பது அரிது என்று தெரியவந்தது. ஒன்பது வயதுப் பிள்ளையிடம் நாற்பது நிமிடம் எதிர்பார்ப்பது என்ன நியாயம்? மத்தியக் கல்வி அமைச்சகமே 2020 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டு முறையில், எட்டாம் வகுப்பு வரை நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிட வகுப்புகள் இரண்டுக்கு மேல் கூடாது என்று சொல்லியிருந்தது. எத்தனை பள்ளிகள் அதைக் கேட்டன என்பது பெற்றோருக்குத் தெரியும்.

எப்படி இருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஆறில் ஒரு பங்கு பெரியதா, எட்டில் ஒரு பங்கு பெரியதா? நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் பலர் எட்டில் ஒன்றுதான் பெரியது என்பார்கள். எட்டு ஆறைவிடப் பெரியதல்லவா, அதனால். இதைத் திருத்த நீண்ட படக்காட்சி தேவையில்லை. ஆசிரியர் நான்கு நிமிடம் குரலில் பேசட்டும். "இரண்டு சப்பாத்தியை நினைத்துக்கொள். ஒன்றை ஆறு பேருக்குப் பங்கிடு, இன்னொன்றை எட்டுப் பேருக்கு. எந்த வீட்டுப் பிள்ளைக்குப் பசி அடங்கும்? பாடத்தை நிறுத்திவிட்டு நோட்டில் வரைந்து பார்." அவ்வளவுதான். பிள்ளை பகலில் தாளில் வரைகிறது. இரவு அப்பா வந்ததும் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து ஆசிரியருக்கு அனுப்புகிறார். மறுநாள் ஆசிரியர் விடைகளை இரண்டாகப் பிரிக்கிறார், புரிந்தவர்கள், புரியாதவர்கள். புரியாத ஏழெட்டுப் பேரோடு மட்டும் பேசுகிறார்.

இதில் கைபேசி பிள்ளையின் கையில் இருக்க வேண்டிய நேரம் பத்து நிமிடம்கூட இல்லை. அதையும் இரவில் வைத்துக்கொள்ளலாம். நேரலை வகுப்புக்கு இந்த வசதி கிடையாது. குரல் பாடம் டேட்டாவையும் அதிகம் தின்னாது. நாளைக்கு இவ்வளவுதான் என்று அளந்து கிடைக்கும் ரீசார்ஜில் குடும்பம் நடத்துபவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆசிரியர் திரும்பிப் பேசுவதுதான் இதில் உயிர்நாடி. ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானா நாட்டில் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது, சுமார் 4,500 குடும்பங்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். இணையம் கிடையாது, சாதாரண போன்தான். ஒரு சாராருக்கு வாரந்தோறும் கணக்குகளைக் குறுஞ்செய்தியாக மட்டும் அனுப்பினார்கள். இன்னொரு சாராருக்குக் குறுஞ்செய்தியோடு, ஆசிரியர் வாரம் ஒருமுறை 15, 20 நிமிடம் போனில் பேசினார். 2022-ல் வெளியான முடிவின்படி, வெறும் செய்தி பெற்றவர்களிடம் சொல்லத்தக்க முன்னேற்றம் இல்லை. பேச்சும் கிடைத்த பிள்ளைகள் கணக்கில் தேறினார்கள். இங்கே நமக்கு வருவது பெரும்பாலும் முதல் வகைதான். வாட்ஸ்அப் குழுவில் பாடம் வந்து விழும், "பார்த்தேன்" என்று கட்டைவிரல் காட்டினால் வருகைப் பதிவு முடிந்தது.

நாற்பது பிள்ளைகளுக்கு இருபது நிமிடம் என்றால் 800 நிமிடம், அதாவது பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல். ஓர் ஆசிரியர் தனியாகச் செய்ய முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஏற்கெனவே தேர்தல் வேலை, கணக்கெடுப்பு வேலை எல்லாம் அவர்கள் தலையில்தான். இங்கேதான் நம் சங்கங்களுக்கு வேலை இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யில் தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பள்ளி திறந்தபின் பிள்ளைகள் மீட்டுக்கொண்ட படிப்பில் ஏறத்தாழ கால் பங்குக்கு அந்தத் திட்டம் காரணம் என்று பொருளாதார ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். மும்பையில் கல்லூரி படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. ஒருவர் ஐந்து பிள்ளைகளை ஏற்று, வாரம் ஒருமுறை போனில் கணக்குக் கேட்டால் போதும். பொங்கல் விழாவுக்குப் பந்தல் போட ஆள் திரட்டுகிற சங்கங்கள் இதற்கும் திரட்ட முடியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. வீடு தேடி வந்து, பிள்ளைக்கு நான்கு கேள்வி போட்டு, "அறிவான பிள்ளை, நீங்கள்தான் கவனிக்கவில்லை" என்று பெற்றவர் மனதைக் குடைந்து, மாதத் தவணையில் பாடச் செயலி விற்பவர்கள் இருக்கிறார்கள். குமாஸ்தாவின் சம்பளத்தில் அந்தத் தவணை பெரிய பள்ளம். இலவசம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிப் பின்னர் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் பிடிக்கும் முறை பற்றி, 2021 டிசம்பரில் மத்தியக் கல்வி அமைச்சகமே பெற்றோரை எச்சரித்தது. எந்தப் பாடமானாலும் விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். என் பிள்ளை தப்பாக எழுதினால் அதைப் பார்த்துத் திருப்பிப் பேசப் போகிறவர் யார்? பதில் சொல்லத் தயங்கினால் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

போனைப் பிடுங்கிப் பூட்டி வைப்பதே மேல் என்பவர்களும் உண்டு. அவர்கள் பயம் பொய்யல்ல. 2024-ம் ஆண்டு அசர் அறிக்கையில், போன் பயன்படுத்தத் தெரிந்த 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் அந்த வாரத்தில் படிப்புக்காகப் பயன்படுத்தியவர்கள் 57 சதவிகிதம், சமூக ஊடகத்துக்காக 76 சதவிகிதம். ஆனால் பத்து நிமிடப் பாடமும் ஒரு மணி நேரத் தாள் வேலையும் என்று அமைத்தால், படிப்பின் பெயரால் போனைப் பிடித்துக்கொண்டு உட்காரும் சாக்கே பிள்ளைக்கு இல்லாமல் போகிறது.

எழுதப் படிக்க அதிகம் தெரியாத தாய்மார்கள் தங்களால் ஆவதென்ன என்று ஒதுங்கிவிடுகிறார்கள். பாடம் கேட்டு முடித்த பிள்ளையை, புத்தகத்தை மூடிவிட்டு, "என்ன படித்தாய், எனக்குச் சொல்" என்று கேட்க எழுத்தறிவு வேண்டாம். காய் நறுக்கிக்கொண்டே கேட்கலாம். திரும்பத் திரும்ப வாசித்த மாணவர்களைவிட, மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எடுத்துச் சொன்னவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது என்பது 2006-ல் அமெரிக்காவில் சோதித்து அறியப்பட்டது. பாடம் தயாரிப்பவர்கள் ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் அம்மாவுக்கென்று ஒரு கேள்வியைக் குரலில், வீட்டுத் தமிழில் வைத்தால் அந்தத் தாயும் ஆசிரியராகிவிடுகிறார்.

இதையெல்லாம் யாரிடம் கேட்பது? கல்வி உரிமைச் சட்டம் 2009-ன்படி, அரசு மற்றும் மாநகராட்சிப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். மழைநாள் பாடம் நேரலையாக வேண்டாம், இரவில் கேட்கும்படி குரலில் வரட்டும், தாளில் செய்யும் வேலை இருக்கட்டும், வாரம் ஒருமுறை யாராவது பிள்ளையோடு பேசட்டும் என்று அந்தக் குழுவில் எழுதிக் கொடுக்கலாம். கூட்டத்தை வேலைநாள் பகலில் வைத்தால் ஆலைக்கும் ஆபீசுக்கும் போகிறவர்கள் வர முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வைக்கச் சொல்லி முதல் மனுவைக் கொடுப்போம்.