12 சிசி குற்றம்

எங்கள் மார்ச்சின் எஞ்சினைப் போன மாதம் பிரித்தோம். புகை நீலமாக வரத் தொடங்கினபோதே விளங்கியிருக்க வேண்டும். ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால் நாலு சிலிண்டரும் தேய்ந்திருக்கு. இரண்டாவதில் நகத்தில் தட்டுப்படுகிற அளவுக்குக் கீறல். கராச் அண்ணை எட்டிப் பார்த்துவிட்டு ஒரே வசனத்தில் முடித்தார்: "போர் பண்ணி அரை மில்லி ஓவர்சைஸ் பிஸ்டன் போடுங்கோடா, இன்னும் பத்து வருசம் ஓடும்."

ரோட்டில் ஓடுகிற காருக்கு அது சரிதான். நாங்கள் ஓடுவது நிசான் மார்ச் 1000 சிசி வரையான வகுப்பில்.

கணக்கை ஒருக்கால் பாருங்கோ. கே11 மார்ச்சில் இருக்கிற சிஜி10 எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 71 மில்லிமீற்றர், ஸ்ட்ரோக் 63. நாலு சிலிண்டருக்கும் சேர்த்து 997 சிசி. அரை மில்லி போர் பண்ணினால் ஏறத்தாழ 1012. கால் மில்லி பண்ணினாலே 1004ஐத் தாண்டிவிடும். 1990களில் வந்த ஒரு எஞ்சின் தேய்வதற்கு வகுப்பு விட்டுவைத்த இடம் மூன்று சிசிக்குக் கொஞ்சம் குறைவு. பரிசோதகர் ஒருவரிடம் கேட்டோம். "வரம்பு வரம்புதான் தம்பி" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை, அவர் விதியை எழுதினவர் இல்லை.

அப்ப ஸ்டாண்டர்ட் போர் புளொக் ஒன்று தேடு. இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய் இறங்கி, விடிய பஞ்சிகாவத்தையில் நின்றோம். ஒரு கடையில் நாலு புளொக் இருந்தது. "எல்லாம் ஒரிஜினல், யப்பானில இருந்து வந்தது" என்றார்கள். நாங்கள் போர் கேஜை வெளியே எடுத்ததும் கடைக்காரப் பெடியன் சிரித்தான். மூன்று ஏற்கெனவே போர் பண்ணினது, நாலாவது எங்களுடையதைவிட மோசம். 2020இல் வாகன இறக்குமதி நின்றதோடு பழைய காரின் விலை ஏறிப்போச்சு. ஓடுகிற மார்ச்சை உடைத்துப் பாகம் விற்க யாருக்கு விசர்?

விதியே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. விதி இல்லாவிட்டால் காசுள்ளவன் வெல்லுவான், எங்களைப் போல ஆறு பேர் சேர்ந்து ஒரு காரை ஓட்டுகிறவர்கள் பார்வையாளர் பக்கம் போக வேண்டியதுதான். ஆனால் 1000 என்ற வரம்பு யாரைத் தடுக்க இருக்கு? அதே கே11 உடம்புக்குள் 1.3 எஞ்சினும் வந்தது. அதன் விட்டமும் 71தான். ஸ்ட்ரோக் மட்டும் 80.5, மொத்தம் 1275 சிசி. அதை யாராவது களவாகப் போட்டால் பிளக் துவாரத்துக்குள் ஒரு கம்பியை விட்டு, பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரத்தை அளந்தாலே பிடிபடும். 1012ஐயும் 1275ஐயும் யாரும் மாறி விளங்கப் போவதில்லை.

எஃப்ஐஏயின் குரூப் ஏ விதிகள் 0.6 மில்லிமீற்றர் வரை போர் பண்ண விட்டன, வகுப்பின் கொள்ளளவு வரம்பைத் தாண்டாத வரைக்கும். பல கம்பனிகளின் கார் மோதுகிற போட்டியில் அந்த நிபந்தனைக்கு அர்த்தம் இருக்கு. அமெரிக்காவில் எஸ்சிசிஏயின் இம்ப்ரூவ்ட் டூரிங் என்கிற அமெச்சூர் பிரிவில் 0.040 அங்குலம், கிட்டத்தட்ட ஒரு மில்லிமீற்றர், போர் பண்ணலாம். அங்கே வகுப்பைக் காரின் மாடலை வைத்துப் பிரிக்கிறார்கள். எங்கள் வகுப்பிலும் ஒரே மாடல்தானே ஓடுது!

இனி மிஞ்சினது ஸ்லீவ். போரைப் பெரிதாகக் கடைந்து, ஸ்லீவ் அடித்து, திரும்ப 71க்குக் கொண்டு வரலாம். முழுக்கச் சட்டபூர்வம். ஆனால் எங்கட பக்கத்து லேத் கடைகள் லான்ட்மாஸ்டருக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் ஸ்லீவ் அடித்துப் பழகினவை. முழு வேகத்தில் சுற்றுகிற எஞ்சினில் ஸ்லீவ் ஒன்று இடம் நகர்ந்தால் என்ன நடக்கும் எண்டு நினைக்கவே பயம். எளிமையான, உறுதியான திருத்தம் குற்றம்; சிக்கலான, ஆபத்தான திருத்தம் சரி. இதுதான் எங்களுக்குச் சமிக்கவில்லை.

கராச் அண்ணைக்கு இந்தக் கதையே விளங்காது. 90களில் பொருளாதாரத் தடைக்குள் கார்களை மண்ணெண்ணெயில் ஓட வைத்த தலைமுறை அவர். கொஞ்சப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். கிடைக்கிறதைப் பொருத்தி ஓட வைப்பதுதான் அவருக்குத் தொழில் தர்மம். "ஓடுதோ இல்லையோ?" என்பது அவர் கேட்கிற ஒரே கேள்வி.

கூட்டாளிமார் சொல்லுவது வேறு. "போர் பண்ணி மூடிவிடு, யார் ஹெட்டைக் கழற்றப் போகினம்?" உண்மையும்கூட. அதனால்தான் கேட்கிறோம்: மார்ச் வகுப்பில் அரை மில்லி ஓவர்சைஸை வெளிப்படையாக அனுமதியுங்கோ. போட்டிக்கு முதலே சொல்லட்டும், அளந்து சீல் வையுங்கோ. கூடுகிற 14 சிசி நூற்றுக்கு ஒன்றரை வீதம்கூட இல்லை. வேணுமெண்டால் அதற்குச் சில கிலோ பாரம் ஏற்றச் சொல்லுங்கோ, ஏற்றுகிறோம்.

புளொக் இப்ப லேத் கடையில் சாக்கால் மூடிக் கிடக்கு. சித்திரையில் நுவரெலியாவுக்குக் கொண்டுபோக வேணும். ஸ்லீவா, ஓவர்சைஸா எண்டு சனிக்கிழமைக்குள் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். ஆறு பேரில் மூன்று பேர் இந்தப் பக்கம், மூன்று பேர் அந்தப் பக்கம்.