எழுதிக் கொடுங்கள் என்று கேட்போம்

அரசு ஊழியர் ஒருவருக்குக் கால் முறிந்தால் மருத்துவச் சான்று வைத்து விடுப்புக் கடிதம் கொடுக்கிறார். மாதக் கடைசியில் சம்பளம் வந்துவிடுகிறது. கரும்பு வெட்டும் கூலிக்காரர் ஒருவருக்கு இடுப்பு முறிந்தால் அவர் விடுப்புக் கடிதத்தை யாரிடம் கொடுப்பது? மேஸ்திரி மறுநாளே வேறு ஆளை லாரியில் ஏற்றிவிடுவார். ஆனாலும் அந்த வீட்டில் ஒருவர் விடுப்பு எடுக்கத்தான் செய்கிறார். பெரும்பாலும் அது அந்த வீட்டுப் பெண்பிள்ளை. அவள் விடுப்பு எடுப்பது பள்ளிக்கூடத்திலிருந்து.

நம் மாவட்டத்துச் சேரி ஒன்றில் நாங்கள் நேரில் பார்த்ததைச் சொல்கிறோம். கரும்பு லாரியின் மேலே நின்று பாரம் கட்டும்போது தவறி விழுந்தவர் அவர். முதுகுத்தண்டில் அடி. நாற்பது நாள் மருத்துவமனையில் கிடந்து வீடு திரும்பினார். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. புரட்டிப் படுக்க வைக்கவும் கழுவி விடவும் ஆள் வேண்டும். மனைவி பக்கத்திலேயே இருந்தால் அடுப்பு எரியாது. அதனால் அந்த அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போனார். பதினொன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த மகள் வீட்டில் நின்றுவிட்டாள். "அப்பாவுக்குப் பணம் வந்ததும் அம்மா வீட்டுல இருப்பாங்கண்ணே, நான் திரும்பப் பள்ளிக்கூடம் போயிடுவேன்" என்று எங்களிடம் சொன்னாள்.

பணம் வருவதற்குப் பதினான்கு மாதங்கள் ஆயின.

அந்த மாதங்கள் எப்படிப் போயின என்று சொன்னால்தான் சிக்கல் எங்கே இருக்கிறது என்பது விளங்கும். மாற்றுத்திறனாளி சான்றுக்காக முதல் தடவை ஆட்டோ பிடித்து, நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். எலும்பு மருத்துவர் இன்று இல்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். அடுத்த தடவை போனபோது, ஆறு மாதம் கழித்து வந்தால்தான் சதவீதம் போட முடியும் என்றார்கள். மூன்றாம் தடவைதான் சான்று கிடைத்தது. அதை எடுத்துக்கொண்டு உதவித்தொகைக்குப் போனால், மூத்த பையன் திருப்பூரில் வேலைக்குப் போகிறானே, உங்களுக்கு எப்படிக் கிடைக்கும் என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். பிறகு வங்கிப் புத்தகத்தில் பெயருக்கு முன்னால் இருக்கும் இனிஷியல் ஆதாரில் பின்னால் இருக்கிறது என்று ஒரு தடவை.

அந்தக் குடும்பம் எங்களிடம் வந்தபோது பத்து மாதங்கள் கடந்திருந்தன. என்னென்ன காகிதம் கொடுத்தார்கள் என்று கேட்டோம். மருத்துவச் சான்றைத் தவிர ஒன்றும் இல்லை. மனு வாங்கிக்கொண்டதற்கு ரசீது இல்லை. முடியாது என்று சொன்னதற்கும் எழுத்து இல்லை. எல்லாம் வாயால் சொன்னது. அரசாங்கக் கணக்கில் அந்தப் பத்து மாதங்களில் அந்த மனிதர் எதையும் கேட்கவே இல்லை.

இதை ஒரு வீட்டின் கதையாக மட்டும் சொல்லவில்லை. எங்களிடம் வரும் மனுக்களில் பெரும்பாலானவை இப்படித்தான் நிற்கின்றன. நிராகரிக்கப்பட்டவை என்று சொல்லவும் வழியில்லை. நிராகரித்தால் காரணம் எழுத வேண்டும், காரணம் எழுதினால் மேல்முறையீடு உண்டு. வாய்வார்த்தைக்கு மேல்முறையீடு கிடையாது.

நம் மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று கூட்டங்களில் பேசுகிறார்கள். நாங்கள் அதை ஏற்கவில்லை. உதவித்தொகை இருக்கிறது என்பது அந்த அம்மாவுக்கு முதல் நாளே தெரியும். ஆனால் ஒரு நாள் அலுவலகம் போவது என்றால் ஒரு நாள் கூலி போயிற்று. ஆட்டோ வாடகை தனி. தூக்கிவர வந்த சொந்தக்காரர்களின் கூலியும் போயிற்று. நாளை வா என்று சொல்பவருக்கு அது இரண்டு சொல். கேட்பவருக்கு அது இரண்டு நாள் அரிசி. மூன்று தடவை திருப்பி அனுப்பப்பட்டவர் நாலாம் தடவை போகாததைச் சோம்பல் என்று சொல்லக் கூடாது.

இதில் சாதி எங்கே வருகிறது என்று சிலர் கேட்பார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களில் 2.21 சதவீதம் பேர் மாற்றுத்திறனாளிகள். பட்டியல் சாதியினரிடையே அது 2.45 சதவீதம். கல் உடைப்பதும் கரும்பு ஏற்றுவதும் சாக்கடை இறங்குவதும் யார் வேலையாக இருக்கின்றன என்று பார்த்தால் அந்த வித்தியாசம் வியப்பாக இருக்காது. சான்றுக்குப் பிறகும் சாதி வருகிறது. பல கிராமங்களில் நிர்வாக அலுவலகம் ஊர்த் தெருவில் இருக்கிறது. நடக்க முடியாத ஒருவரைச் சேரியிலிருந்து கட்டிலோடு அந்தத் தெரு வழியாகத் தூக்கிக்கொண்டு போவதை யோசித்துப் பாருங்கள். அந்தக் குடும்பம் உண்மையில் வறுமையில் இருக்கிறதா என்ற விசாரணையும் சில இடங்களில் ஊர்த் தெருவிலேயே முடிந்துவிடுகிறது. சேரிக்குள் கால் வைக்காமலேயே அறிக்கை எழுதப்படுவதை நாங்கள் கண்டிருக்கிறோம்.

உழைக்க முடியாத காலத்தில் ஊதியம் என்பது இந்த நாட்டில் இல்லாத ஒன்று அல்ல. தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம் 1948இல் வந்தது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவர், விதிகளுக்கு உட்பட்டு, நோய்வாய்ப்பட்டால் ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 சதவீதம் பெறலாம். மகப்பேறு உதவிச் சட்டத்தில் 2017இல் கொண்டுவந்த திருத்தம் முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு தந்தது. தமிழக அரசுப் பெண் ஊழியருக்கு 2021 ஜூலை முதல் 12 மாதம். இவற்றில் எதையும் குறைக்கச் சொல்லவில்லை. போராடிப் பெற்றவை அவை. வயலில் நிற்கும் பெண் இந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை என்பதே எங்கள் வருத்தம்.

அவளுக்கு இருப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். மொத்தம் 18,000 ரூபாய். அதில் 14,000 ரூபாய் தவணைகளில் பணமாகவும், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் வருகிறது. நல்ல திட்டம். ஆனால் கர்ப்பமானதும் பதிவு செய்து பிக்மி எண் வாங்க வேண்டும், பரிசோதனைகள் பதிவாக வேண்டும். தை பிறந்ததும் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போய்விடும் பெண்ணின் பதிவு ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறது, அவளோ திருவள்ளூர்ப் பக்கம் கல் அறுத்துக்கொண்டிருக்கிறாள். திரும்பி வரும்போது குழந்தை கையில் இருக்கும், தவணை நின்றிருக்கும். யாரைக் கேட்பது என்றும் தெரியாது.

அண்ணல் அம்பேத்கர் 1928இல் பம்பாய் சட்ட மேலவையில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு தருவது நாட்டின் நலன் என்றும், அதன் செலவைப் பெருமளவு அரசே ஏற்க வேண்டும் என்றும் வாதிட்டார். 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்தபோது தொழிலாளர் காப்பீட்டுக்கான அடித்தளம் போடப்பட்டது. அவர் அதைக் கருணையாகப் பார்க்கவில்லை, உரிமையாகப் பார்த்தார். அவர் சிலைக்கு மாலை போடும் நாம் மனு கொடுக்கும் மேசைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம்.

சட்டம் நம் பக்கம் எதைச் சொல்கிறது என்று பார்ப்போம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 58ஆம் பிரிவு, சான்று கேட்டு வந்தவரைப் பரிசோதித்துச் சான்று தர வேண்டும், அல்லது ஊனம் இல்லை என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது. சும்மா திருப்பி அனுப்ப அதில் இடமில்லை. முடிவு பிடிக்கவில்லையென்றால் 59ஆம் பிரிவில் மேல்முறையீடு இருக்கிறது. 24ஆம் பிரிவு சமூகப் பாதுகாப்பைப் பற்றியது. அதில் அதிக உதவி தேவைப்படுவோரைக் கவனித்துக்கொள்பவருக்கான உதவித்தொகையும் சொல்லப்பட்டிருக்கிறது. பள்ளியை விட்டு நின்ற அந்தப் பெண் செய்துகொண்டிருந்தது வேலைதான் என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது.

இனி, நாங்கள் அனுபவத்தில் கற்றவற்றைச் சொல்கிறோம்.

மனுவை இரண்டு பிரதியாக எழுதுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் அதே மனுவை அஞ்சல் நிலையத்திலிருந்து ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் ஒப்புகைச் சீட்டை வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

கிடைக்காது என்று யாராவது சொன்னால் சண்டை போட வேண்டாம். "ஐயா, எந்த விதிப்படி கிடைக்காது என்று எழுதிக் கொடுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். மகன் திருப்பூரில் இருக்கிறான் என்று திருப்பி அனுப்பிய அதே இடத்தில் நாங்கள் கேட்டது இந்த ஒன்றைத்தான். யாரும் எழுதித் தரவில்லை. மனுவை வாங்கி முத்திரை போட்டார்கள். நாலு மாதத்தில் உத்தரவு வந்தது.

மனு நகரவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, என் மனு இன்று யார் மேசையில் இருக்கிறது, என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பதில் எழுத வேண்டியவர் முதலில் கோப்பைத் தேடி எடுத்தாக வேண்டும். பல நேரம் அதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். அதற்கும் மேலே போக, மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் செய்யலாம்.

ஆதார், வங்கிப் புத்தகம், குடும்ப அட்டை மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். நோய் வந்தபிறகு திருத்த அலைய முடியாது. விவசாயக் கூலிகள் முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் உறுப்பினர் அட்டை வாங்கி வையுங்கள். விபத்து நடந்தபிறகு வாங்கும் அட்டையால் பயன் இல்லை. சூளைக்குப் போகும் கர்ப்பிணிகள் பிக்மி எண்ணைத் தாளில் எழுதிக் கையோடு கொண்டுபோய், அங்குள்ள கிராம சுகாதாரச் செவிலியரிடம் காட்டுங்கள்.

அரசிடம் கேட்க வேண்டியதும் உண்டு. வருவாய்த் துறை வழியாக மாற்றுத்திறனாளிகளுக்குத் தரும் மாத உதவித்தொகை 2023 ஜனவரியில் 1,500 ரூபாயாக உயர்ந்தது. ஆனால் ஒன்றிய அரசின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2012இல் நிர்ணயித்த 300 ரூபாயிலேயே நிற்கிறது. அதை உயர்த்த வேண்டும். தொகை மனு கொடுத்த மாதத்திலிருந்து கணக்கிட்டு வழங்கப்பட வேண்டும். தாமதம் அலுவலகத்தினுடையது என்றால் நட்டம் ஏன் படுக்கையில் கிடப்பவருக்கு? எழுந்து வர முடியாதவரின் வீட்டுக்கே மருத்துவக் குழுவும் வருவாய் அலுவலரும் வர வேண்டும். விசாரணை அவர் வாசலில் நடக்க வேண்டும்.

கடைசியாக மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் தெருவில் படுக்கையில் கிடப்பவர் யார், பிள்ளை பெற்ற பெண் யார் என்பது எங்களைவிட உங்களுக்குத் தெரியும். ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். யார், என்ன கேட்டார், எந்தத் தேதியில், எந்த அலுவலகத்தில், ரசீது எண் என்ன, என்ன பதில் சொன்னார்கள் என்று பத்தி போட்டு எழுதுங்கள். மாதம் ஒரு நாள் மாலை தெருவில் எல்லோரும் உட்கார்ந்து அதைப் படித்துப் பாருங்கள். படித்த பிள்ளை தன் தெருவுக்குச் செய்யக்கூடிய உதவிகளில் இதற்குச் செலவு மிகக் குறைவு.

அந்தப் பெண் இப்போது பக்கத்து ஊர் ஜவுளிக்கடையில் வேலை செய்கிறாள். அப்பாவின் கணக்கில் மாதம் பணம் வருகிறது. அம்மா பாதி நாள் வீட்டில் இருக்கிறார். வரும் ஜூனில் அவளை மறுபடியும் பள்ளியில் சேர்க்கத் தலைமையாசிரியரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம். வகுப்புத் தோழிகளுக்கு இரண்டு வருடம் பின்னால் உட்கார வேண்டியிருக்குமே என்று தயங்குகிறாள். அந்த இரண்டு வருடத்தில் பத்து மாதம், யாரும் எழுதித் தராத வாய்வார்த்தையில் போனது. அந்தப் பத்து மாதத்தை அவளுக்கு யாரும் திருப்பித் தரப்போவதில்லை. அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு அது போகாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.