சிவப்பு சுவிட்ச் எதற்கு?

புதுச்சேரி–கடலூர் சாலையில் இருக்கிறது தவளக்குப்பம். பஸ்சும் லாரியும் ஓயாமல் ஓடும் இடம். அந்த நெரிசலில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோருக்கு ஒரு வார்த்தை.

பல மோட்டார் சைக்கிள்களில் வலது கைப்பிடி அருகே சிவப்பு சுவிட்ச் இருக்கும். அதுதான் 'கில் சுவிட்ச்'. கட்டை விரலால் தட்டினால் எஞ்சின் உடனே நின்றுவிடும்.

"சாவி இருக்கும்போது இது எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள்.

ஆக்சிலேட்டர் சிக்கிக்கொண்டால் வண்டி தறிகெட்டுப் பாயும். அப்போது கைப்பிடியை விட்டுவிட்டுச் சாவியைத் தேட முடியுமா?

"இதைத் தட்டினால் எஞ்சின் கெட்டுவிடும்" என்பது வீண் பயம். ஆனால், தினமும் வண்டியை நிறுத்தச் சாவியே நல்லது. சுவிட்சை மட்டும் தட்டிவிட்டுச் சாவியை மறந்தால், பாட்டரி தீர்ந்துவிடும்.

வண்டி கிளம்பவில்லையா? மெக்கானிக்கிடம் ஓடுமுன் சுவிட்சைப் பாருங்கள். குழந்தைகள் விளையாட்டாகத் தட்டியிருக்கலாம்!

இன்னொன்று. வண்டி சாய்ந்து, ஓட்டியவர் மயங்கிவிட்டால், சுற்றும் சக்கரத்தை நிறுத்துவது யார்? பின்னால் அமரும் மனைவிக்கும் மகனுக்கும் அந்தச் சுவிட்ச் தெரிந்திருக்க வேண்டும்.

இன்றே சொல்லிக் கொடுங்கள். ஐந்து நிமிடம் போதும்!