ஒரே புட்டி, பல விலை

திராட்சை மதுவின் விலையைப் பற்றித் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியன் ஒருவன் எழுதுவதா என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். மதுவுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. என் வழக்கு விலையைப் பற்றியது.

அமெரிக்காவில் பல கிளைகளைக் கொண்ட வாணிக நிறுவனங்கள், இணையத்தின் வழி மதுவை இல்லத்திற்கே அனுப்புகின்றன. வாங்குவோர் தம் அஞ்சல் குறியீட்டைத் தந்ததும் அவரை ஒரு கிளையோடு இணைத்து, அக்கிளையின் விலையை மட்டும் காட்டுவது அவற்றுட் சிலவற்றின் வழக்கம். அடுத்த கிளையில் அதே புட்டி மலிவாக இருக்கலாம். அதனை அவர் அறியார்.

விலை வேறுபாடெல்லாம் அநீதியன்று. ஸ்காட்லாந்தில் 2018 முதல் மதுவுக்குக் குறைந்தபட்ச விலைச் சட்டம் உண்டு. பத்து மில்லிலிட்டர் தூய ஆல்கஹால் ஓர் அலகு. 2024 செப்டம்பர் 30 முதல் அலகுக்கு 65 பென்ஸ். கணக்கிட்டால், 12.5 விழுக்காடு ஆல்கஹாலுள்ள 75 சென்டிலிட்டர் புட்டியை 6 பவுண்டு 9 பென்சுக்குக் குறைத்து விற்க இயலாது. இங்கிலாந்தில் அச்சட்டம் இல்லை. ஆயினும் அவ்வேறுபாடு மன்றத்தில் வாதிட்டு வகுக்கப்பட்டது, காரணம் ஊரறிந்தது.

ஒரே மாநிலத்தின் இரு கிளைகளுக்கிடையே வேறுபாடு ஏன்? வாடகை, கூலி என்பர். அதில் சிறிது உண்மை உண்டு. ஆனால் கடைவாசலை மிதியாதவனும் அவ்வாடகை முழுவதையும் சுமக்க வேண்டுமா? போட்டி என்னும் காரணத்தை அவர்கள் உரக்கச் சொல்வதில்லை. 2012-இல் வால் ஸ்திரீட் ஜர்னல் ஏடு, ஸ்டேப்பிள்ஸ் என்னும் எழுதுபொருள் நிறுவனத்தின் இணைய விலைகளை ஆராய்ந்தது. ஒரே ஸ்டேப்ளர் ஒருவருக்கு 15.79 டாலர், சில மைல் தள்ளி வாழ்ந்தவருக்கு 14.29 டாலர்! போட்டிக் கடை ஏறத்தாழ 20 மைலுக்குள் இருந்த இடங்களிலேயே பெரும்பாலும் விலை குறைந்தது. குறைந்த விலை பெற்ற பகுதிகளின் சராசரி வருமானமோ கூடுதல். இல்லாதவனிடம் மிகுதியாகவும் இருப்பவனிடம் குறைவாகவும் பெறுவது எவ்வகை வாணிகம்? எழுதுபொருளில் நேர்ந்தது மதுவில் நேராது என எவர் உறுதி தருவார்?

விற்பவர் வணிகரிடையே விலைப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்க 1936-இலேயே அமெரிக்கா ராபின்சன்-பேட்மன் சட்டத்தை இயற்றியது. கடைக்காரனுக்குக் கிடைத்த அக்காப்பு, வீட்டிலிருந்து வாங்குவோனுக்குக் கிட்டவில்லை.

கிளைதோறும் விலை மாறட்டும், மறைக்க வேண்டா. எல்லாக் கிளைகளின் விலையையும் அனுப்புகூலியையும் ஒரே பக்கத்தில் காட்டுவது கணினிக்கு நொடிப்பொழுது வேலை. எது ஆதாயம் என்பதை வாங்குவோரே பார்த்துக்கொள்வர். மூன்றாம் ஆண்டுக் கழித்தல் கணக்கு அது.