வரிசையில் நிற்பவனுக்கு யார் சிபாரிசு?



இஷா முடிந்து வீடு திரும்பினால் தொலைபேசி அடிக்கும். பெரும்பாலும் ஒரே வேண்டுகோள்தான். "ஹஜ்ரத், நாளைக்கு அத்தாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம். உள்ளே யாரையாவது தெரிஞ்சா ஒரு வார்த்தை சொல்லி விடுங்களேன்." நானும் சொல்லி விடுவேன். மறுநாள் அத்தா அரைமணி நேரத்தில் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்துவிடுவார். துஆச் செய்வார். இதைச் சமுதாயப் பணி என்றே பல ஆண்டுகளாக எண்ணிக் கொண்டிருந்தேன்.

ஒரு நாள் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் (பெயர் வேண்டாம்) நானே நிற்க நேர்ந்தது. நான் சொல்லி அனுப்பிய இளைஞர் தம் தந்தையோடு வரிசையைத் தாண்டி உள்ளே போனார். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸுக்கு வந்திருந்த ஒரு மூதாட்டி என் தாடியையும் தொப்பியையும் பார்த்துவிட்டு மரியாதையாகத்தான் கேட்டார்: "அந்தத் தம்பிக்கு மட்டும் என்னங்கய்யா அவசரம்?"

பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்வியை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

விபத்தில் அடிபட்டவரையும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருபவரையும் பற்றி இங்கே பேசவில்லை. அவர்களை முதலில் பார்ப்பதுதான் நியாயம். நாம் பேசுவது சாதாரணமாக டாக்டரிடம் போக வேண்டியவர்களைப் பற்றி. சர்க்கரை, ரத்த அழுத்தம், விடாத இருமல், குழந்தையின் காதுவலி. இவர்களுக்கு இன்றே உயிர் போகாது. அதனால்தான் இவர்களின் நேரத்துக்கு மதிப்பே இல்லாமல் போய்விட்டது!

கடைக்காரச் சகோதரர்களே, கணக்கு உங்களுக்குத்தான் தெரியும். கீழவாசலில், விளக்குத்தூணில், நெல்பேட்டையில் சிறிய கடை வைத்திருப்பவர் ஒரு காலைப் பொழுது ஷட்டரை இறக்கினால் என்ன ஆகும்? அன்றைய வியாபாரம் போயிற்று. வாடிக்கையாளர் அடுத்த கடை ருசி கண்டுவிடுவார். காலையில் சீட்டு வாங்க ஒரு வரிசை. டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை. ரத்தம் கொடுக்க ஒரு வரிசை. ரிப்போர்ட் நாளை என்பார்கள். நாளை மறுபடி முதல் வரிசை! சுமை தூக்கும் தொழிலாளிக்கோ இரண்டு நாள் கூலி போயிற்று.

தனியாரிடம் போனால் மட்டும் என்ன வாழ்கிறது? சாயங்காலம் நான்கு மணிக்கே ஆளை அனுப்பி டோக்கன் போட வேண்டும். டாக்டர் எட்டு மணிக்கு வருவார். இடையில் மருந்துக் கம்பெனிக்காரர்கள் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் வருவார்கள். நம் முறை வரும்போது மணி பத்தரை. காசு கொடுத்தும் காத்திருப்பு!

ஆகவே நம் ஆள் என்ன செய்கிறார்? பழைய சீட்டை எடுத்துக்கொண்டு நேராக மருந்துக் கடைக்குப் போகிறார். மூன்று வருடத்துக்கு முன் எழுதிய அதே மாத்திரை, அதே அளவு. எனக்குத் தெரிந்த ஒரு மளிகைக்காரர் இப்படித்தான் ஓட்டினார். செருப்புக் கடித்த புண் ஆறவில்லை. "ரமளான் வியாபாரம் முடியட்டும்" என்றார். முடிந்தது. இரண்டு விரல்களும் போயின. அவருக்கு அறியாமை என்று யாரும் சொல்லாதீர்கள். கால் புண்ணைச் சர்க்கரை வியாதிக்காரர் அலட்சியம் செய்யக் கூடாதென்று எனக்கே சொன்னவர் அவர். அவரிடம் இல்லாதது ஒரு காலைப் பொழுது.

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று சொன்னது. பெரியவர்களில் நூற்றுக்குப் பதினொருவர். இவர்கள் ஒவ்வொருவரும் ஆயுள் முழுக்க டாக்டரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியவர்கள். எந்த வராந்தா தாங்கும்?

அப்படிக் காத்துக் கிடந்து உள்ளே போனால் கிடைப்பது எவ்வளவு நேரம்? 67 நாடுகளின் கணக்குகளைத் தொகுத்து 2017-ல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழ் வெளியிட்டது. ஸ்வீடனில் ஒரு நோயாளிக்கு இருபத்திரண்டரை நிமிடம். இந்தியாவில் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். பங்களாதேஷில் 48 விநாடி. இரண்டு நிமிடத்தில் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்க்க எந்த டாக்டரால் முடியும்? டாக்டர்களைத் திட்டிப் பயனில்லை. அவர்களும் அதே கூட்டத்தில் சிக்கியவர்கள்தாம்.

பெரியவர்கள் இன்றும் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்றே அழைக்கும் நம் ராஜாஜி அரசு மருத்துவமனையை நம்பி மதுரை மட்டுமல்ல, தென் மாவட்டங்களே இருந்தன. 2022 ஜனவரியில் திண்டுக்கல், விருதுநகர், இராமநாதபுரம் ஆகிய இடங்களில் புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. நல்லது. தோப்பூர் எய்ம்ஸ் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. 2015-ல் அறிவிப்பு, 2019 ஜனவரி 27-ல் அடிக்கல். மாணவர்கள் 2022-ல் சேர்ந்தபோது கட்டடம் இல்லாமல் இராமநாதபுரத்தில் போய்ப் படித்தார்கள். கட்டுமானம் தொடங்கியது 2024-ல். நோயாளி மட்டுமல்ல, ஆஸ்பத்திரியே வரிசையில் நின்ற ஊர் நம்முடையது! ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எத்தனை பெரிய ஆஸ்பத்திரி வந்தாலும் மாதாந்தரச் சர்க்கரைப் பரிசோதனைக்கு அங்கே போவது முறையல்ல. அது தெருமுனையில் நடக்க வேண்டிய வேலை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்குத்தான் உதவும். மாதா மாதம் டாக்டரைப் பார்த்து வரும் செலவுக்கு உதவாது. அதாவது, விரலை எடுக்கப் பணம் உண்டு. விரலைக் காக்க இல்லை.

கூட்டம் இருந்தால் காத்திருக்கத்தானே வேண்டும் என்பவர்கள் நம் ஊர் அரவிந்த் கண் மருத்துவமனையைப் பார்க்கட்டும். அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி, 1976-ல் வெறும் 11 படுக்கைகளோடு தொடங்கினார். கிராமத்துப் பெண் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, பார்வை அளப்பது, அழுத்தம் பார்ப்பது, விவரம் எழுதுவது எல்லாவற்றையும் அவர்களிடம் ஒப்படைத்தார். டாக்டர் மட்டுமே செய்யக்கூடியதை மட்டும் டாக்டர் செய்தார். கண் ஒன்றை மட்டும் பார்க்கும் இடத்தையும், இரவு பகலாக எல்லா வியாதியையும் ஏற்கும் அரசு ஆஸ்பத்திரியையும் ஒரே தராசில் வைக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சர்க்கரை வியாதி கிளினிக்கில் எடை, அழுத்தம், கால் பரிசோதனை மூன்றையும் செவிலியரே முடித்து அனுப்பலாமே? இன்ன நாள், இன்ன மணிக்கு வா என்று சீட்டில் எழுதிக் கொடுக்கலாமே? இதற்கென்ன கோடிகளா வேண்டும்?

அரசு எதுவுமே செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. வயதானவர்களுக்குப் பெரிய உதவி. மாத்திரை வந்துவிட்டதே என்று டாக்டரையே பார்க்காமல் இருந்துவிடுகிறவர்களும் நம்மில் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். 2023 ஜூனில் நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் 500 திறக்கப்பட்டன. காலை எட்டு முதல் பன்னிரண்டு, மாலை நான்கு முதல் எட்டு என்று நேரம் வைத்தார்கள். அந்த மாலை நேரம் கடைக்காரருக்காகவே வைத்தது போல இருக்கிறது! உங்கள் வார்டு மையம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் எத்தனை பேர் சொல்வீர்கள்? போய்ப் பார்த்து, டாக்டர் இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

இங்கேதான் நம் குற்றம் இருக்கிறது. கேட்கத் தெரிந்தவன் எல்லாம் சிபாரிசில் உள்ளே போய்விடுகிறான். கவுன்சிலரின் ஆள், கட்சிக்காரர், ஜமாஅத் நிர்வாகி, நம் இயக்கச் சகோதரர் என யாரும் வரிசையில் இல்லை. கடைசியில் நிற்பது யார்? உசிலம்பட்டி மூதாட்டி, மேலூர் கூலிக்காரர், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும் நம் மஹல்லாவின் கைம்பெண். இவர்கள் எங்கே போய்க் குரல் கொடுப்பார்கள்? வரிசை ஏன் குறையவில்லை என்றால், வரிசையைக் குறைக்கச் சொல்லும் வலிமை உள்ளவர்களுக்கு அது தெரிவதே இல்லை. அவர்களை முன்வாசல் தெரியாமல் வைத்ததில் என் தொலைபேசிக்கும் பங்குண்டு.

ஆகவே சாதாரணப் பரிசோதனைக்கு இனி நான் யாருக்கும் சொல்லி அனுப்ப மாட்டேன். கிளை நிர்வாகிகளும் அனுப்ப வேண்டாம். கோபித்துக்கொள்வீர்கள், தெரியும். அவசர நோயாளிக்கு நம் ஆம்புலன்ஸும் இரத்த தானமும் எப்போதும்போல உண்டு. நடக்க முடியாத முதியவருக்குத் துணையாக வரிசையில் நிற்க இளைஞர்கள் வருவார்கள்.

இளைஞர்களே, உங்களுக்கு வேறொரு வேலை இருக்கிறது. வருகிற மாதம் முழுக்க, காஜிமார் தெரு, கோரிப்பாளையம், மகபூப்பாளையம், முனிச்சாலைப் பகுதிகளின் நலவாழ்வு மையங்களுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் இரண்டிரண்டு பேராகப் போங்கள். யாரிடமும் சண்டை வேண்டாம். சீட்டு வாங்கிய நேரம், டாக்டரைப் பார்த்த நேரம், டாக்டர் வந்தாரா இல்லையா, மாத்திரை கிடைத்ததா, இவ்வளவுதான். நோயாளியின் பெயரோ வியாதியோ எழுதக் கூடாது. எல்லாச் சமூகத்தவரின் நேரத்தையும் எழுதுங்கள். தாள்கள் சேர்ந்ததும் ஒரு திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனுவோடு கொடுப்போம். வியாபாரிகள் அன்று ஒரு காலைப் பொழுது மட்டும் ஷட்டரை இறக்கிவிட்டு உடன் வாருங்கள். எழுதும் தாள் கிளை அலுவலகங்களில் இருக்கிறது. பேனாவும் கைக்கடிகாரமும் நீங்கள் கொண்டு வாருங்கள்.