கடலோரச் சட்டமும் கரிசல் நிலமும்

கடலோரச் சட்டம் என்றால் மீனவர்கள் விவகாரம் என்றே எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டார விவசாயிகள் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் நம் கரிசல்காட்டைக் கடந்துதான் வைப்பாறு மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. ஆற்றில் கடல்நீர் ஏறும் தூரம் வரை இச்சட்டங்களும் உள்ளே வருகின்றன.

கடல்நீர் ஏறும் ஆற்றங்கரையில், 2011 அறிவிக்கை அதிகபட்சம் 100 மீட்டர் வரை கட்டுப்பாடு விதித்தது. 2019 ஜனவரியில் வெளியான புதிய அறிவிக்கை அதை 50 மீட்டராகக் குறைத்தது. இறால் பண்ணைகளுக்கோ 2005ஆம் ஆண்டின் தனிச்சட்டம் உண்டு. கடலிலும் முகத்துவாரத்திலும் உயர் ஓத எல்லையில் இருந்து 2 கிலோமீட்டர் வரை அது செல்லும். பதிவு பெறாத பண்ணைக்கு அதில் 3 ஆண்டு வரை சிறை இருந்தது. 2023 திருத்தம் சிறையை நீக்கி, அபராதத்தை வைத்தது.

விவசாயிக்கு மிச்சமுள்ள முக்கியப் பாதுகாப்பு, விளைநிலத்தை இறால் குட்டையாக்கக் கூடாது என்ற தடை. காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. 2005 சட்டத்தின் வழிகாட்டு நெறிகளிலும் இத்தடை இடம்பெற்றது.

சிக்கல் இங்கேதான். மழை பொய்த்து இரண்டு மூன்று ஆண்டு விதைக்காமல் விட்டால், மானாவாரி நிலம் அடங்கலில் 'தரிசு' என ஏறிவிடும். பிறகு அதை விளைநிலம் என்று நிரூபிப்பது கடினம்.

கரிசலில் உப்பு ஏறினால் மீட்பதும் எளிதல்ல. சோடியம் சேர்ந்த களிமண் நனைந்ததும் துகள் பிரிந்து துளைகளை அடைத்துக்கொள்ளும். மழைநீர் கீழிறங்காது, உப்பும் கழுவப்படாது. ஜிப்சம் இட்டாலும் கரைத்து வெளியேற்ற நல்ல தண்ணீர் வேண்டும். மானாவாரியில் அதற்கு எங்கே போவது? உளுந்தும் பாசியும் உப்பைத் தாங்காத பயிர்கள்.

எனவே ஆற்றுமுகத்தை ஒட்டி நிலம் வைத்திருப்போர் செய்ய வேண்டியவை:

* விதைத்த பயிரைக் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி, ஆண்டுதோறும் அடங்கலில் பதியுங்கள்.
* கோடையில் கிணற்று நீரையும் மண்ணையும் பரிசோதித்து, உப்பு நிலை, கார அமில நிலை அறிக்கைகளைப் பத்திரப்படுத்துங்கள். பின்னர் பாதிப்பு வந்தால், முன்பிருந்த நிலைக்கு அதுவே சான்று.
* பக்கத்தில் குட்டை வெட்டத் தொடங்கினால், பதிவு உள்ளதா என்று கேட்டு ஆட்சியருக்கு எழுத்தில் மனுக் கொடுங்கள்.

தண்டனை தளர்ந்த நிலையில், விவசாயியின் கையிலுள்ள பலம் இந்தப் பதிவேடுகள்தான்.